பேய் ராத்திரிக்கு எப்போது விதை போடணும், தெரியுமா?

நாள்காட்டியைப் பின்பக்கமாகப் புரட்டி விதை போடும் விவசாயம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாலோவீன் என்ற பேய் ராத்திரிக்குப் பூசணி போடுகிறவர்கள் முதலில் அக்டோபர் 31-ஐ வட்டமிட்டுக்கொள்கிறார்கள். அங்கிருந்து ரகத்துக்கு ஏற்ப 90 முதல் 120 நாளும், குளிருக்கும் அறுவடைக்கும் என்று இன்னும் சில வாரமும் பின்னால் எண்ணுகிறார்கள். குளிர் சீக்கிரம் இறங்கும் வடக்கு மாநிலங்களில் மே கடைசி, வெயில் நீளும் தெற்கில் ஜூலை முதல் வாரம் என்று விதைக்கும் நாள் தேறுகிறது. அவசரப்பட்டு முன்கூட்டியே போட்டுவிட்டால்? செப்டம்பரிலேயே பழுத்து, பேய் வருவதற்குள் அழுகிவிடும். தாமதித்தால் பச்சைக் காயோடு உறைபனியில் மாட்டும். நவம்பர் 1 காலையில் எத்தனை அழகான பூசணி பழுத்துக் கிடந்தாலும் அதைச் சீந்த ஆளில்லை! பிளாஸ்டிக் எலும்புக்கூடு கடையில் எந்த மாதமும் கிடைக்கும். பூசணிக்கு அந்தச் சலுகை கிடையாது. கோடையின் கடைசி வாரங்களில் தோட்டத்தில் என்ன நடக்கிறதோ அதுதான் அந்த ராத்திரிக்கு வாசலில் வந்து உட்காரும்.

அதனால்தான் ஆகஸ்ட் கடைசியில் பூசணிக் கொடியில் புதுப் பூ பூத்தால் அங்கே யாரும் குதூகலிப்பதில்லை. பெண்பூவில் மகரந்தம் சேர்ந்த நாளிலிருந்து காய் முற்றிப் பழுக்க ஏறக்குறைய ஐம்பது நாள் வேண்டும். இனிமேல் பிடிக்கிற பிஞ்சு உறைபனிக்கு முன் பழுப்பது சந்தேகம். வேலை தெரிந்தவர்கள் இரக்கமே காட்டாமல் புதுப் பூவையும் பிஞ்சையும் கொடி நுனியையும் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். கொடி உண்டாக்கும் சத்தெல்லாம் ஏற்கெனவே பிடித்த காய்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று.

கிள்ளுவதற்கு முன் அந்தப் பூவுக்குள் எட்டிப் பார்க்கச் சொல்வேன். உள்ளே யாராவது தூங்கிக்கொண்டிருக்கலாம்! பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறினால் கூம்பிவிடும். வட அமெரிக்காவில் பூசணித் தேனீ என்று ஓர் இனம் உண்டு. கூட்டுக் குடும்பம் கிடையாது, தேன்கூடு கிடையாது. தாய்த் தேனீ தன் குஞ்சுகளுக்குப் பூசணிக் குடும்பத்துப் பூக்களின் மகரந்தத்தை மட்டுமே ஊட்டும். மண்ணுக்குள் துளை போட்டு, பல நேரம் அந்தக் கொடிக்கு அடியிலேயே குடியிருக்கும். ஆண் தேனீயோ காலை முழுக்கப் பூ பூவாகப் பெண்ணைத் தேடி அலைந்துவிட்டு, பூ கூம்பும்போது அதற்குள்ளேயே படுத்துவிடும். மத்தியானம் ஒரு வாடிய பூவை மெதுவாக விரல்களால் அமுக்கினால் உள்ளேயிருந்து முணுமுணுப்பு கேட்கும். இதைவிட வியப்பு அடுத்தது. மெக்சிகோப் பக்கத்தில் வாழ்ந்த இந்தத் தேனீ, மனிதர்கள் பூசணி பயிரிட்டபடி வடக்கே போகப் போக, அவர்கள் பின்னாலேயே கண்டத்தின் வடபகுதி வரை பரவியதாக 2016-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. விதையை மனிதன் கொண்டுபோனான்; தேனீ யாரும் கூப்பிடாமலே கூடப் போயிருக்கிறது.

மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையார் தலையில் நாம் வைக்கிற மஞ்சள் பரங்கிப்பூவும் இதே அமெரிக்கக் குடும்பத்தின் வாரிசுதான். கடல் கடந்து வந்து சில நூற்றாண்டுகளில் பிள்ளையாருக்கு உரியதாகிவிட்டது!

பூசணியில் பெயர் எழுதினால் எழுத்தும் கூடவே வளரும், தெரியுமா? தோல் இன்னும் பச்சையாக, இளசாக இருக்கும் ஆகஸ்டில் ஓர் ஆணியாலோ குச்சி முனையாலோ குழந்தையின் பெயரை லேசாகக் கீற வேண்டும். ஆழம் கூடாது, மேல்தோல் கீறினால் போதும். காயத்தை மூடப் பூசணி தக்கை போன்ற தழும்பு கட்டும். காய் பெருக்கப் பெருக்கத் தழும்பும் அகன்று, அக்டோபரில் ஆரஞ்சுத் தோல்மேல் புடைத்த எழுத்தில் பெயர் நிற்கும். அமெரிக்கக் குழந்தைகளுக்குத் தோட்டத்தில் காட்ட இதைவிட நல்ல வித்தை எனக்குத் தெரிந்து இல்லை. கலிபோர்னியாவில் ஒரு விவசாயி இன்னும் ஒரு படி மேலே போனார். பிஞ்சை பிராங்கன்ஸ்டைன் பூத முகத்து அச்சுக்குள் வைத்துப் பூட்டி வளர்த்தார். அச்சைக் கழற்றினால் நெற்றி புடைத்த பூதத் தலை!

கோடை முடியும் நேரத்தில் இலைமேல் வெள்ளைத் திருநீறு பூசினாற்போல் சாம்பல் நோய் வரும். அதற்குப் பால் தெளிக்கலாம், தெரியுமா? பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். பிரேசிலில் சுரைக்காய் போன்ற சுக்கினி செடிகளில் பசும்பாலைத் தண்ணீரில் கலந்து வாரம் தவறாமல் தெளித்துச் சோதித்து, நோய் கட்டுப்பட்டதை 1999-ல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற அளவு இன்று பல தோட்டக்காரர்களின் கைப்பக்குவம்.

இப்போது ராட்சசப் பூசணி. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உச்ச வேகத்தில் வளரும் ராட்சசப் பூசணி ஒரே நாளில் 20 கிலோ வரை எடை போடும், தெரியுமா? நேற்றுக்கும் இன்றைக்கும் இடையில் ஒரு மூட்டை காய்கறி அளவுக்கு! கனடாவின் ஒன்டாரியோவைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் 1900-ல் பாரிஸ் கண்காட்சிக்கு 400 பவுண்டு பூசணியை அனுப்பி ஐரோப்பியர்களை வாய்பிளக்க வைத்தார். 1904-ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் 403 பவுண்டு, அதாவது சுமார் 183 கிலோ. அந்தச் சாதனையை உடைக்க 1976 வரை ஆகியிருக்கிறது. அதன்பின் நோவா ஸ்கோஷியாவின் வின்ட்சர் ஊரில் ஹோவர்டு டில் என்ற விவசாயி வந்தார். வேளாண் கல்லூரிப் படிப்பெல்லாம் இல்லாமல், பெரிய காயைப் பெரிய காயோடு சேர்த்துச் சேர்த்துப் பல ஆண்டுகள் பொறுமையாக ரகம் பிரித்தார். ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ பிறந்தது. 1979 முதல் நான்கு வருடம் தொடர்ந்து அவர்தான் உலக வெற்றியாளர். இன்றைய சாதனைப் பூசணிகள் எல்லாவற்றின் வம்சாவளியும் அவர் வயலில்தான் போய் நிற்கிறது. 2012-ல் ஒரு பூசணி 2,000 பவுண்டைத் தாண்டியது. 2023-ல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டியில் 2,749 பவுண்டு. 2025 அக்டோபரில் இங்கிலாந்தில் இரட்டைச் சகோதரர்கள் வளர்த்தது 2,819 பவுண்டு. கிலோவில் 1,278-க்கு மேல். மாருதி ஆல்டோ காரே இதற்கு முன்னால் இளைத்துவிடும்!

எப்படி வளர்க்கிறார்கள்? ஒரு கொடிக்கு ஒரே காய். மற்ற பிஞ்செல்லாம் பலி. முந்தின நாள் மாலையே பெண்பூவைக் கட்டி மூடிவிட்டு, விடிந்ததும் தேர்ந்தெடுத்த ஆண்பூவைக் கொண்டுவந்து கையால் மகரந்தம் தடவுகிறார்கள்; எந்தத் தேனீ எந்த மகரந்தத்தைக் கொண்டுவருமோ என்ற பயம். கொடியின் கணுக்களை மண்ணால் மூடி அங்கேயும் வேர் விடச் செய்கிறார்கள். காய்க்குப் பகலில் நிழல் துணி, ராத்திரி போர்வை. தராசில் தூக்கி வைக்க முடியாதே, அதனால் குறுக்கே, நெடுக்கே, சுற்றிலும் நாடாவால் அளந்து அட்டவணையைப் பார்த்து எடையைக் கணிக்கிறார்கள். இவ்வளவும் செய்து, செப்டம்பரில் ஒருநாள் காலை போய்ப் பார்த்தால் வெடிப்பு! உள்குழிவு வரை ஓட்டை போய்விட்டால் போட்டியில் சேர்க்கவே மாட்டார்கள். வளர்ச்சியின் வேகமே காயைக் கிழித்துவிடுகிறது.

இவ்வளவு சாப்பாடு ஒரே காம்பு வழியாக எப்படிப் போகிறது என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு குடைந்து பார்த்தது. சர்க்கரைச் சாறு வேகமாக ஓடுகிறதா என்றால், இல்லை. சாற்றைக் கடத்தும் குழாய்த் திசுக்களே சாதாரண ரகத்தைவிட ஏகமாகப் பெருகியிருக்கின்றன. பெரிய காயைத் தேடித் தேடி விதை எடுத்தவர்கள், தங்களுக்கே தெரியாமல் காம்புக்குள் அகலமான நெடுஞ்சாலை போட்டிருக்கிறார்கள். விதைக்கும் குலப்பெயர் உண்டு: எடை, வளர்த்தவர் பெயர், வருடம். பேர்போன குலத்து விதை ஒன்று ஏலத்தில் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகும்.

ருசி? ஒன்றும் பெரிதாக இல்லை. அதனால் என்ன, ஏறி உட்கார்ந்து துடுப்புப் போடலாமே! டில்லின் வின்ட்சரில் 1999 முதல் குடைந்த பூசணிகளில் படகுப் போட்டி நடத்தினார்கள். 2022 ஆகஸ்டில் நெப்ராஸ்காவில் ஒருவர் தன் அறுபதாவது பிறந்தநாளுக்குத் தான் வளர்த்த 846 பவுண்டு பூசணிக்குள் உட்கார்ந்து மிசௌரி ஆற்றில் 38 மைல் போனார். இன்னொரு கூட்டத்துக்குப் பூசணியைப் பீரங்கியில் சுடுவதுதான் ஆனந்தம். 2010-ல் யூட்டாவில் காற்றழுத்தக் குழாயிலிருந்து பறந்த பூசணி 5,545 அடி தள்ளி விழுந்தது. ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல்!

வாசலில் வைக்கும் சாதாரணப் பூசணிக்குத் திரும்புவோம். அதை அறுக்கும்போது காம்பை நீளமாக விட வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. காம்பு கழன்ற இடத்தில்தான் அழுகல் நுழையும். அறுத்தபின் 27, 28 டிகிரி வெப்பத்தில் பத்து நாள் போல வைத்திருந்தால் தோல் இறுகி, மாதக்கணக்கில் தாங்கும். முகம் செதுக்கிவிட்டாலோ ஒரு வாரம்கூட உத்தரவாதமில்லை.

ஆனால் ஆரம்பத்தில் செதுக்கியது பூசணியையே இல்லை, தெரியுமா? அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். நம் முள்ளங்கிக்குச் சொந்தக்காரக் கிழங்கு. கல் மாதிரி இருக்கும். பாதாளத்துக்கும் பூமிக்கும் நடுவே கதவு திறந்திருப்பதாக நம்பிய ‘சவின்’ என்ற பழைய கெல்டிக் திருநாள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் எல்லை. அதே பொழுதில் பின்னால் கிறிஸ்தவப் புனிதர் திருநாளின் முந்தின இரவும் வந்து சேர்ந்தது. டர்னிப்பைக் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே நெருப்பு வைத்தார்கள். சாத்தானையே ஏமாற்றிய ஜாக் என்ற கருமிக்குச் சொர்க்கத்திலும் இடமில்லை, நரகத்திலும் இடமில்லை. ஒரு தணலை டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு இன்னும் இருட்டில் அலைகிறான் என்று அயர்லாந்தில் கதை. அந்த நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தில் பழைய டர்னிப் விளக்கு ஒன்றின் அச்சு வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய முகம், இடுங்கிய கண், உடைந்த பல்! சிரிக்கும் ஆரஞ்சுப் பூசணியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதைப் பார்த்தால்தான் ஹாலோவீன் எதற்கு என்று விளங்கும். 1840-களின் பஞ்சத்துக்குத் தப்பி லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்கள் அமெரிக்கா போனார்கள். அங்கே பூசணி மலிந்து கிடந்தது. தோல் மெலிசு, உள்ளே ஏற்கெனவே பாதி கூடு. டர்னிப்பைக் குடைந்து கை நொந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அதைவிட ரகசியமான சேதி: ஹாலோவீன் ஒரு காலத்தில் பயமுறுத்தும் ராத்திரி என்பதைவிடக் கல்யாண ஜோசிய ராத்திரி! அந்த ஜோசியம் நடந்தது காய்கறிப் பாத்தியில். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-ல் ‘ஹாலோவீன்’ என்றே ஒரு கவிதை எழுதி, ஊர்வழக்கங்களுக்குத் தானே குறிப்பும் எழுதி வைத்தார். இளவட்டங்கள் கைகோத்துக் கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்துக்குள் போய், முட்டைக்கோஸின் உறவான கேல் செடியில் கைக்குப் பட்ட முதல் செடியைப் பிடுங்க வேண்டும். தண்டு நெட்டையா, குட்டையா, நேரா, கோணலா? வரப்போகும் துணையின் உருவம் அதுதான். வேரில் மண் ஒட்டியிருந்தால் சீதனம் வரும். தண்டின் குருத்தைக் கடித்துப் பார்த்தால் தித்திப்போ கசப்போ, துணையின் குணம். பிறகு தண்டுகளை வாசற்படிக்கு மேலே வரிசையாக வைத்து, அடுத்தடுத்து யார் உள்ளே வருகிறாரோ அவர் பெயர்தான் துணையின் பெயர். பாவம், அந்த ராத்திரி கடன் கேட்க வந்தவர் கதி! அயர்லாந்தில் உலர்திராட்சை போட்ட ரொட்டிக்குள் மோதிரம் ஒளித்து வைத்தார்கள். ஆப்பிளை ஒரே சுருளாகத் தோல் சீவித் தோளுக்குப் பின்னால் எறிந்து, விழுந்த வடிவத்தில் எழுத்துத் தேடினார்கள். நியூ ஜெர்சி, வெர்மான்ட் பக்கங்களில் அக்டோபர் 30-க்கு இன்றும் ‘முட்டைக்கோஸ் ராத்திரி’ என்றே பெயர். கோடைத் தோட்டத்தில் மிஞ்சி அழுகிய முட்டைக்கோஸைப் பையன்கள் அடுத்த வீட்டுக் கதவில் எறிந்துவிட்டு ஓடிய ராத்திரி அது.

பூசணிக்குப் பக்கத்தில் வாசற்படியில் சாமந்தித் தொட்டி வைப்பது அமெரிக்க வழக்கம். சாமந்தி இரவின் நீளத்தை அளக்கும், தெரியுமா? கோடை கழிந்து ராத்திரி நீண்டால்தான் அது மொட்டு விடும். செடிகளுக்கு இப்படி ஒரு கணக்கு உண்டு என்பதை 1920-ல் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் புகையிலையையும் சோயாவையும் வைத்து நிறுவினார்கள். நர்சரிக்காரர்கள் கறுப்புத் துணியால் மூடி, மாலையிலேயே ‘ராத்திரி’ கொண்டுவந்து சாமந்தியை ஏமாற்றிப் பூக்க வைக்கிறார்கள். வாசல் விளக்கு இரவெல்லாம் எரிந்தாலோ செடி குழம்பி மொட்டைத் தள்ளிப்போடும். ஹாலோவீன் இரவில் ‘இந்த வீட்டில் மிட்டாய் உண்டு’ என்பதற்கு அடையாளமும் அதே வாசல் விளக்குதான்!

மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களை வரவேற்க வீட்டுவாசலிலிருந்து பாதை போடுவது செண்டுமல்லி இதழ்களால். ஆமாம், நம் ஊரில் துலுக்கச் சாமந்தி என்று மாலை கட்டுகிற அதே பூ. அதற்குப் பிறந்த ஊரே மெக்சிகோதான். கோடையில் விதைத்து அக்டோபர் கடைசிக்குப் பூவெடுப்பது அங்கேயும் நாள் பார்த்துச் செய்யும் வேலை.

கோடை முடிவில் திடீரென்று தோட்டமெங்கும் சிலந்திகள் பெருத்துவிட்டதாகத் தோன்றும். அவை வசந்தம் முதலே அங்கேதான் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத குட்டிகளாக. பெண் சிலந்தி முழு வளர்ச்சி அடைவது இப்போது. சக்கர வலை பின்னும் பல இனங்கள் பழைய வலையைத் தாங்களே தின்றுவிட்டு மறுபடி புதிதாகப் பின்னும். ஹாலோவீன் அலங்கார ஒட்டடைக்குப் பஞ்சு வாங்குகிறவர்கள் யோசிக்கலாம்.

பூண்டு நடும் பருவமும் ஏறக்குறைய ஹாலோவீன்தான், தெரியுமா? குளிர் நாடுகளில் அக்டோபரில் பல்லை ஊன்றிவிடுவார்கள். சில வாரம் குளிர் படாவிட்டால் பூண்டு பல் பிரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிடும். ஆகவே கோடையில் தோண்டிய பூண்டில் பெரிய பல்லைத் தின்னாமல் எடுத்து வைப்பதே ஆகஸ்ட் மாதத்துப் பெரிய கட்டுப்பாடு. ரத்தக் காட்டேரியை விரட்டப் பூண்டு என்கிறோமே, 1897-ல் வந்த ‘டிராகுலா’ நாவலில் டாக்டர் வான் ஹெல்சிங் லூசி என்ற பெண்ணின் கழுத்தில் போட்டது பூண்டுப் பல் இல்லை. ஹாலந்தின் ஹார்லெமிலிருந்து கண்ணாடிக் குடிலில் வளர்ந்த பூண்டுப் பூக்களை வரவழைத்து மாலையாகப் போட்டார்!

செதுக்கும் பூசணியைச் சமைக்க ஆசைப்படாதீர்கள், நாரும் தண்ணீரும்தான். அமெரிக்கர்கள் டின்னில் வாங்கி ‘பை’ (pie) என்ற பலகாரம் செய்யும் பூசணி வேறு ரகம். இலினாய் மாநிலத்து மோர்ட்டன் ஊரைச் சுற்றி விளையும் ‘டிக்கின்சன்’. ஆரஞ்சு நிறமே இல்லை. வெளிர் பழுப்புத் தோல். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-1, கோ-2 பரங்கிகளும் இதே இனம்தான். தாளிப்பதா, பை செய்வதா என்பதில்தான் வித்தியாசம். 2009 இலையுதிர் காலத்தில் மழை கொட்டி இலினாய் வயல்கள் சேறாகி, பூசணி எடுக்க வண்டி இறங்காமல் போனது. நாடெங்கும் டின் பூசணிக்குப் பஞ்சம்!

நியூ ஹாம்ப்ஷயரின் கீன் என்ற சின்ன ஊர் 2013-ல் ஒரே ராத்திரி 30,581 பூசணி விளக்குகளை ஏற்றிச் சாதனை படைத்தது. மறுநாள் அத்தனையும் என்ன ஆகும்? குப்பை, எரு, மாட்டுத் தீனி. சில இடங்களில் யானைத் தீனி!

இந்தப் பொருத்தம் மிகப் பழையது. பூசணியின் காட்டு மூதாதைகள் உள்ளங்கைக்குள் அடங்கும் கசப்புக் காய்கள். அந்தக் கசப்பைப் பொருட்படுத்தாமல் தின்றது மாஸ்டடான் என்ற, யானைக்கு உறவான அமெரிக்க விலங்கு. புளோரிடாவில் அதன் பழஞ்சாணத்தில் அந்த விதைகள் கிடைத்திருக்கின்றன. மாஸ்டடான் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனது. விதை பரப்ப ஆளில்லாமல் போன கொடியை மனிதன் தோட்டத்தில் வைத்துக்கொண்டான். மெக்சிகோவின் ஓஹாக்கா குகையில் கிடைத்த, மனிதன் பயிரிட்ட பூசணி விதைகளுக்கு வயது சுமார் பத்தாயிரம். இப்போது ஒவ்வோர் அக்டோபரிலும் ஓரிகன் விலங்குக்காட்சி சாலையில் உள்ளூர்க்காரர்கள் வளர்த்த ராட்சசப் பூசணிகளை யானைகள் முன் வைக்கிறார்கள். 1999-ல் தொடங்கிய வழக்கம். அங்கே இருப்பவை ஆசிய யானைகள், நம் முதுமலைக்காரர்களின் சொந்தம். காலைத் தூக்கிப் பூசணிமேல் வைத்து நிதானமாக அழுத்தும். மளுக்கென்று உடைந்ததும் துண்டு துண்டாக எடுத்து வாயில் போடும். சின்னப் பூசணி என்றால் உடைக்கிற வேலைகூட இல்லை. தும்பிக்கையால் தூக்கி, முழுசாக உள்ளே!